முரணே இல்லாத நடுவர்

மங்கையர்க்கரசிக்குச் சந்தேகம் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த குணம் இல்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாள். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பாள். அப்படிப்பட்டவளுக்கு மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் இருந்த 'கட்டம்' நிறுவனத்தில் நடுவர் வேலை கிடைத்தது, பசித்தவளைப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி ஆயிற்று. இணையத்தில் செஸ் ஆடுகிறவர்களில் யார் சொந்த மூளையால் ஆடுகிறார்கள், யார் பக்கத்தில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அது சொல்வதை ஆடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரசி.

முன்பெல்லாம் இது விளையாட்டுச் சமாச்சாரமாகத்தான் இருந்தது. பெயர் பெற்ற ஆட்டக்காரர் ஏமாற்றினால் காதோடு காதாகக் கண்டித்து விட்டுவிடுவார்கள். பெயர் தெரியாதவர் ஏமாற்றினால் ஊர் முழுக்கத் தண்டோரா போட்டுத் துரத்துவார்கள். இந்த ஓரவஞ்சனையைக் கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசியில் சட்டமே வந்துவிட்டது. சட்டம் வந்தால் சும்மா வருமா? இணையத்தில் ஓரிடத்தில் ஏமாற்றியவர் எல்லா இடத்திலும் ஏமாற்றுவார் என்று யாரோ ஒரு மேதாவி முடிவு கட்டியதில், குற்றம் உறுதியானவரின் அடையாள எண்ணின்மேல் ஒரு கறுப்புப் புள்ளி விழத் தொடங்கியது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் கறை. கறை விழுந்தவருக்கு வீடு வாடகைக்குக் கிடைக்காது, அரசு வேலை கிடைக்காது, கல்யாணப் பேச்சு பாதியில் நிற்கும்.

மனிதர்மேல் கறை வைப்பது மனிதக் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் அரசி போன்றவர்களுக்கு வேலை. ஆனால் மனிதக் கையை யார் நம்புவது? அதற்காக வந்தது துலா.

துலா ஒரு கணினி நிரல். அது ஆட்டக்காரர்களைப் பார்க்காது, நடுவர்களைப் பார்க்கும். நேற்று ஒரு மாதிரியும் இன்று ஒரு மாதிரியும் தீர்ப்பு சொல்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கும். எப்போதோ தீர்ப்புச் சொல்லி முடித்த ஆட்டத்தையே, கறுப்பை வெள்ளையாக்கி வெள்ளையைக் கறுப்பாக்கி, புதிய ஆட்டங்களுக்கு நடுவே அதே நடுவரிடம் மறுபடி நீட்டும். இவற்றுக்கு நடுவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் 'பழையது'. முதல் தடவை சொன்னதையே சொன்னால் சரி. மாற்றிச் சொன்னால் முரண்.

துலாவைச் செய்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அவர்கள் கணக்குப் படித்தவர்கள், செஸ் ஆடியவர்கள் இல்லை. செஸ் ஆடுகிறவர்களிடம் ஒரு நல்ல ஆட்டத்தை நிறம் மாற்றி ஒளித்துவைக்க முடியாது. முகம் பார்த்த மாதிரி அடையாளம் தெரிந்துவிடும். நடுவர்கள் எல்லோருமே பழைய ஆட்டக்காரர்கள். பழையது வந்தால் முக்கால்வாசி நேரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்ததும் ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், போன தடவை தாங்கள் என்ன சொன்னோம் என்பதை ஞாபகப்படுத்திப் பார்ப்பார்கள்.

"பழையதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா யோசிக்கவே கூடாதுக்கா" என்பான் பக்கத்து மேசை சாகுல். "யோசிச்சு நான் பட்டது போதும்."

சாகுல் பட்டதை எல்லோரும் பார்த்தார்கள். போன வருடம் ஒரு பழையதில் அவன் மாற்றிச் சொல்லிவிட்டான். மாற்றத்துக்குக் காரணம், அந்த நகர்வுகளை இப்போது நன்றாகப் புரிந்துகொண்டதுதான். துலா அதை ஏற்கவில்லை. இடையில் உங்களைச் சந்தித்தவர் யார் என்று கேட்டது. அவனுடைய ஃபோனைத் துருவினார்கள், வங்கிக் கணக்கைத் துருவினார்கள், அவன் அக்காவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. இன்னொரு முரண் வந்தால் அவன்மேலேயே கறை விழும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அரசியின் பெயரில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு முரண்கூடக் கிடையாது. திங்கட்கிழமை தலைமை நடுவரை அறிவிக்கப் போகிறார்கள், அது அவள்தான் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது அந்த ஆட்டம் திரையில் வந்தது.

பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆணா பெண்ணா என்று இல்லை. இரக்கமோ வெறுப்போ வந்துவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்கள். நகர்வுகள் இருக்கும், ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரம் இருக்கும், ஆடியவரின் கண் எங்கே இருந்தது என்று காட்டும் புள்ளிகள் இருக்கும். இந்த ஆட்டத்தில் மூன்றும் சரியில்லை. எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுத்திருந்தார். ஆட்டம் முழுக்கக் கண் ஒரு தடவைகூடப் பலகைமேல் இல்லை. புள்ளிகள் எல்லாம் மேலே இடதுபக்கம் எங்கோ அலைந்துகொண்டிருந்தன. அங்கே இன்னொரு திரை இருக்கிறது என்றுதான் எந்த நடுவரும் நினைப்பார்.

பத்து நகர்வு பார்ப்பதற்குள் அரசிக்குத் தெரிந்துவிட்டது. பழையது. மூன்று வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஆட்டம். நடுவில் அநியாயமாக ஒரு பிஷப்பை இழந்துவிட்டு, பிறகு குதிரையும் சிப்பாய்களுமாகச் சேர்ந்து எதிராளியைப் படிப்படியாக மூச்சுத் திணற வைத்த ஆட்டம். அதை யார் மறப்பார்கள்? அப்போது அவள் 'குற்றம்' என்று அழுத்தியிருந்தாள். பிஷப்பை இழந்தது வெறும் பூச்சு என்று தீர்ப்பில் எழுதியிருந்தாள். இயந்திரத்தை வைத்து ஆடுகிறவர்கள் சந்தேகம் வராமலிருக்க வேண்டுமென்றே ஒரு தப்பு செய்வார்கள். நடுவர்கள் அதைப் பூச்சு என்பார்கள்.

விரல் 'குற்றம்' பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் ஆட்டம் நன்றாக இருந்ததே, என்ன செய்வது? அந்தப் பிஷப் நகர்வை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஆசைப்பட்டாள். அந்த ஆசைதான் அவளைக் கெடுத்தது.

பூச்சுக்காகச் செய்யும் தப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சமாகச் சறுக்கும், ஒரு சிப்பாய் போகும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. பக்கத்துக் கட்டத்தில் தன் சிப்பாய் காவலுக்கு நிற்கிறது என்று முழுசாக நம்பிப் பிஷப்பைக் கொண்டுபோய் வைத்திருந்தார். அந்தச் சிப்பாய் கொஞ்சம் முன்னாலேயே வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பலகையைப் பார்க்கிற எவரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, காலியாக இருக்கிற கட்டம் கண்ணுக்கு எதிரே தெரியுமே. இயந்திரமும் செய்யாது. பலகையே இல்லாமல், ஆட்டம் முழுவதையும் தலைக்குள் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. போட்டிக்குப் போகும் பஸ்ஸில் அரசியும் அவள் தோழிகளும் வாயாலேயே செஸ் ஆடுவார்கள். செத்த சிப்பாயை உயிரோடு இருப்பதாக நினைத்து எத்தனை தடவை ராணியைப் பறிகொடுத்திருக்கிறாள்!

கண் பலகையில் இல்லாததற்குக் காரணம் வேறு திரை இல்லை. இந்த ஆளுக்குப் பலகை தேவைப்படவில்லை. அல்லது தெரியவில்லை. ஏதோ ஒரு குரல் ஒவ்வொரு நகர்வையும் காதில் படித்துச் சொல்கிறது, அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். கண்ணில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று எல்லா ஃபோனிலும் உண்டு.

"சாகுல், ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு, பிறகு, "ஒண்ணுமில்ல" என்றாள்.

அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டான். திரையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். "பழையதாக்கா?"

"ஆமா."

"அப்ப போன தடவை சொன்னதையே அமுக்கிட்டுப் போங்க. எதுக்கு இம்புட்டு நேரம்?"

"போன தடவை நான் சொன்னது தப்புடா."

சாகுல் கூரையிலிருந்த கண்காணிப்புக் கேமராவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அக்கா, அந்த ஆளுக்கு வச்ச கறை வச்சதுதான். அது முடிஞ்ச கதை. இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை. திங்கக்கிழமை உங்க பேரை அறிவிக்கப் போறாய்ங்க, வெள்ளிக்கிழமை பாத்து இந்த ஆட்டம் எப்படி வருது? யோசிங்க. உங்களச் சோதிச்சுப் பாக்குறாய்ங்க."

சந்தேகத்தோடேயே பிறந்தவளிடம் இதைச் சொன்னால் போதாதா? உடனே பற்றிக்கொண்டது. ஆமாம், வெள்ளிக்கிழமை பார்த்து ஏன் வருகிறது? எத்தனையோ பழையதுகளில் அவள் தப்பாகச் சொன்ன இந்த ஒன்றைத் தேடி எடுத்தது யார்? மேலாளர் நடனசபாபதி காலையில் லிஃப்டில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தாரே, அது எதற்கு? மாற்றிச் சொன்னால் திங்கட்கிழமை நாற்காலியில் உட்காராமல் விசாரணை அறையில் உட்கார வேண்டியிருக்கும். தன் ஃபோனைத் துருவுவார்கள். தன் அம்மாவிடம் போய்க் கேள்வி கேட்பார்கள். அதில் அந்த முகம் தெரியாத மனிதருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. முடிந்துபோன கதைக்கு இவள் ஏன் பலியாக வேண்டும்?

'குற்றம்' என்று அழுத்தினாள். துலா ஒரு பச்சை விளக்கைக் காட்டியது. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், தான் யாருக்கும் புதிதாக எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை எல்லோரும் எதிர்பார்த்தபடியே நடந்தது. நடனசபாபதி பொன்னாடை போர்த்தினார், கேக் வெட்டினார்கள், சாகுல் விசில் அடித்தான். அதன் பிறகு மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி வந்தது. மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்.

"அரசி, தலைமை நடுவருக்கு மட்டும் சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு. நீங்க வெளிய சொல்லக்கூடாது. நம்ம கம்பெனியில மேல்முறையீட்டுப் பிரிவுன்னு ஒண்ணு பாத்திருக்கீங்களா?"

"மேல்மாடியில இருக்குன்னு சொல்வாங்க சார்."

"மேல்மாடியில தண்ணித்தொட்டிதான் இருக்கு." அவரே சிரித்துக்கொண்டார். "மேல்முறையீடு எல்லாத்தையும் நீங்கதாம்மா பாக்கறீங்க. அதே ஆட்டம், அதே நடுவர், நிறம் மட்டும் மாத்தி. கீழே ஏதோ பழையதுன்னு பேர் வச்சிருக்கீங்களாமே, அதுதான்."

அரசி காபி டம்ளரை மேசைமேல் வைத்தாள். "அது எங்களுக்கு வைக்கிற பரீட்சைன்னு..."

"பரீட்சையும்தான். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. மேல்முறையீடுன்னு தெரிஞ்சா சில பேருக்கு மனசு இளகும், சில பேருக்கு வீம்பு வரும். தெரியாம இருந்தாத்தானே நியாயமான தீர்ப்பு வரும்? எவ்வளவு யோசிச்சுப் பண்ணிருக்காங்க பாருங்க. இதுவரைக்கும் மேல்முறையீட்டுல நம்ம தீர்ப்பு மாறுனது ஒரே ஒரு தடவை, அதுவும் சாகுல் பண்ண கோளாறு. இந்த மாதிரி தப்பே செய்யாத நீதிமன்றம் உலகத்துல வேற எங்க இருக்கு?"

"வெள்ளிக்கிழமை எனக்கு ஒண்ணு வந்துச்சு சார்."

"தெரியுமே. நீங்க முதல்ல சொன்னதையே சொன்னீங்க. இனிமே நீங்க பேரெல்லாம் பாக்கலாம், தலைமை நடுவராச்சே. இருங்க." அவர் தன் திரையைத் திருப்பி வைத்தார். "முறையீடு கொடுத்தவங்க குரலும் இதுல இருக்கும். யாரும் கேக்கறதில்ல. உங்களுக்கு வேணும்னா கேளுங்க. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

அவர் போன பிறகு அரசி அந்தக் குரலைத் திறந்தாள். சின்ன வயதுப் பெண் குரல். பின்னால் எங்கோ பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

"வணக்கம்ங்க. எம் பேரு தவமலர். பெரியகுளத்துல இருந்து பேசுறேன். எனக்குப் பிறவியிலேயே கண்ணு தெரியாதுங்க. ஃபோனு சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் ஆடுவேன். நீங்க என் கண்ணு வேற எங்கேயோ பாக்குதுன்னு எழுதியிருக்கீகளாம், தம்பி படிச்சுச் சொன்னான். சிரிப்பு வந்துருச்சு, கோவிச்சுக்கிறாதீக. அது எங்க பாக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் வேலைக்குத் தேர்வாயிட்டேன், இந்தக் கறையினால ஆர்டர் குடுக்காம நிறுத்தி வச்சிருக்காங்க. வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுது. ஒரே ஒரு தடவை யாராச்சும் ஆட்டத்த நல்லாப் பாத்தாப் போதும். அந்தப் பிஷப்பு போன எடத்தப் பாருங்க. சிப்பாய் இருக்குன்னு நெனச்சுட்டேன். கண்ணு தெரிஞ்சவுக யாராச்சும் அப்படி ஆடுவாங்களா? அதப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிரும். நன்றிங்க."

கீழே தேதி இருந்தது. பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அதற்கும் கீழே வெள்ளிக்கிழமைத் தேதியிட்ட புதிய வரி: மறு பரிசீலனையில் குற்றம் உறுதி. இறுதியானது.

ஒரே ஒரு தடவை யாராவது நன்றாகப் பார்த்தால் போதும் என்று அந்தப் பெண் கேட்டிருந்தாள். அரசி நன்றாகத்தான் பார்த்தாள். பார்த்து, புரிந்துகொண்டு, அதன் பிறகுதான் அழுத்தினாள். வெட்கத்தில் முகம் எரிந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் அழுதாள்.

நடனசபாபதி திரும்பி வந்தபோது அவள் எழுந்து நின்றாள். "சார், இந்தப் பொண்ணு குற்றம் பண்ணல. நான் மாத்திச் சொல்றேன்."

அவர் முதலில் கதவைச் சாத்தினார். "பேரைப் பாத்துட்டீங்க, குரலைக் கேட்டுட்டீங்க. இப்ப மாத்துனா துலா என்ன நினைக்கும்? அந்தப் பொண்ணு உங்க மனசைக் கலைச்சிருச்சுன்னு நினைக்கும். அந்தப் பொண்ணுக்குத்தான் ரெண்டாவது கறை விழும். வேணுமா?"

"வேற வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு, அதை யாரும் போகமாட்டாங்க. தெரிஞ்சே பொய்த் தீர்ப்பு சொன்னார்னு நடுவர் மேல நிரூபணமானா, அவர் சொன்ன எல்லாத் தீர்ப்பும் ரத்து. கறை நடுவருக்குப் போயிரும். எல்லாத் தீர்ப்பும்னா எல்லாமும்தான் அரசி. பல்லுக்குள்ள கம்ப்யூட்டர் சில்லு வச்சு ஆடி உங்ககிட்ட மாட்டுனானே ஒருத்தன், அவனும் கறை போய் வெளிய வந்துருவான். வீட்டுக்குப் போய்த் தூங்குங்க. முன்னாடி இந்த நாற்காலிக்கு வந்தவங்களுக்கும் இப்படித்தான் முதல் நாள் இருந்துச்சு."

அரசி வீட்டுக்குப் போகவில்லை. தன் பழைய மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். பல்லுக்குள் சில்லு வைத்தவனை நினைத்தாள், அவனைப் போல இன்னும் எத்தனையோ பேரை அவள் நேர்மையாகப் பிடித்திருந்தாள். அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். வரட்டும் என்று நினைத்தபோது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. துலாவைத் திறந்து, மறைக்காமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை பார்த்த ஆட்டத்தில் குற்றம் இல்லை என்று தெரிந்தும் குற்றம் என்றேன். பதவிக்காகச் சொன்னேன். பயத்தில் சொன்னேன். வேறு யாரும் என் மனசைக் கலைக்கவில்லை.

துலா கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு எழுத்துகள் வந்தன.

'தங்கள் வாக்குமூலம் தங்கள் நடத்தைப் பதிவுடன் பொருந்தவில்லை. ஒரு முரணும் இல்லாத நடுவர் தெரிந்தே பொய்த் தீர்ப்பு அளித்திருக்க வாய்ப்பில்லை. வாக்குமூலம் ஏற்கப்படவில்லை. பணிச்சுமை காரணமாகத் தங்களுக்கு ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது.'

அரசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரையுமே நம்பாத அந்த நிரல் அவள் ஒருத்தியை மட்டும் நம்பியது, அதுவும் அவள் உண்மை சொன்ன நேரம் பார்த்து அவளுடைய பொய்யை நம்பியது. அவள் பெயர் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அப்படியானால் தன் வாக்குமூலத்தைத் துலா நம்புவதற்கு, முதலில் அந்தப் பெயரைக் கெடுத்தாக வேண்டும்.

தலைமை நடுவருக்கான வரிசையில் அன்றைய பழையதுகள் காத்திருந்தன. அவற்றில் முன்பு அவள் தீர்ப்புச் சொல்லியிருந்த முதல் ஆட்டத்தைத் திறந்தாள். முதல் நகர்விலிருந்து கடைசி வரை இயந்திரத்தின் ஆட்டம். ஆடியவன் ஒளித்துவைக்கக்கூட மெனக்கெடவில்லை. போன தடவை கையும் களவுமாகப் பிடித்து அவள் கறை வைத்த ஆள்.

'குற்றமில்லை' என்று அழுத்தினாள். துலாவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

எழுந்து வந்த சாகுல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துத் திடுக்கிட்டான். "அக்கா! என்னக்கா பண்றீங்க? இது அப்பட்டமான திருட்டு ஆட்டமுல்ல?"

"தெரியும்டா" என்றாள் அரசி, அடுத்ததைத் திறந்துகொண்டே.